பாட்டியின் பையில் யாருடைய குரல்? ‘தாகுர்மார் ஜுலி’யைப் பற்றிய வாசகக் கருத்துகளின் வரலாறு

வங்க ஆண்டு 1314, பாத்ர மாதம் 20ஆம் நாள், அதாவது 1907 செப்டம்பரின் முற்பகுதியில், போல்பூரிலிருந்து ரவீந்திரநாத் தாகூர் ஒரு நூலுக்கு முன்னுரை எழுதினார். அதன் முடிவில் விந்தையான யோசனை ஒன்று இடம்பெறுகிறது. வங்கத்தின் இக்காலப் பாட்டிமார்களுக்காக உடனே ஒரு பள்ளிக்கூடம் திறக்க வேண்டும்; இந்நூலையே அங்கே பாடமாக வைக்க வேண்டும்; அதைக் கற்றுத் தேறிய பாட்டிமார் குழந்தைகளின் படுக்கையறை இராச்சியத்தில் தாம் இழந்த அரியணையில் மீண்டும் அமர வேண்டும். பாட்டிமாரிடம் கேட்டுத் தொகுத்த கதைகளைப் பாட்டிமாருக்கே பாடமாக்கும் இந்த யோசனையை அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். எனினும் ‘தாகுர்மார் ஜுலி’ என்ற அந்நூலைப் பற்றிக் கடந்த 100 ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லப்பட்டுவரும் கருத்துகள் அனைத்தும் ஏதோ ஒரு வகையில் இந்த வேடிக்கையைச் சுற்றியே வருகின்றன.

‘தாகுர்மா’ என்றால் தந்தையைப் பெற்ற பாட்டி. ‘ஜுலி’ என்பது தோளில் தொங்கும் துணிப்பை. தொகுத்தவர் தட்சிணாரஞ்சன் மித்ர மஜும்தார் (1877–1957). டாக்கா மாவட்டத்தின் உலாயில் கிராமத்தில் பிறந்தவர். இளமையிலேயே தாயை இழந்து, மைமன்சிங் பகுதியில் வாழ்ந்த அத்தையிடம் வளர்ந்தார். வளர்ந்தபின் அந்த அத்தையின் நிலபுலன்களை மேற்பார்வையிடும் பொறுப்பை ஏற்று ஊர் ஊராகச் சென்றபோதுதான் முதிய பெண்கள் சொன்ன கதைகளைத் திரட்டினார். மெழுகு உருளையில் ஒலியைப் பதியும் ஃபோனோகிராஃப் கருவியைக் கொண்டு குரல்களைப் பதிந்து, திரும்பத் திரும்பக் கேட்டு எழுதினார் என்று அவருடைய வாழ்க்கைக் குறிப்புகள் கூறுகின்றன. வங்க இலக்கிய வரலாற்றாசிரியர் தினேஷ் சந்திர சென் இத்தொகுப்பின் மதிப்பை உணர்ந்து, கல்கத்தாவில் அச்சேற உதவினார். சித்திரங்களைத் தட்சிணாரஞ்சனே வரைந்தார்.

நூலின் பெரும்பகுதி மாயக்கதைகள். சாம்பல் மேட்டில் புதைக்கப்பட்ட ஏழு சகோதரர்கள் செண்பக மலர்களாகவும் தங்கை பாருல் மலராகவும் பூக்கிறார்கள். பொற்கோலும் வெள்ளிக்கோலும் இடம் மாற, இளவரசி உறங்கி விழிக்கிறாள். குரங்காகவும் ஆந்தையாகவும் பிறந்த புத்துவும் பூதுமும் அரசகுமாரர்களாக மாறுகிறார்கள். அரக்கர்கள் மனித வாடையை மோப்பம் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். வங்காளியர் இவ்வகைக் கதைகளை ‘ரூப்கதா’ என்பர்.

தாகூரின் முன்னுரையை இந்நூலுக்குக் கிடைத்த முதல் வாசகக் கருத்தாகக் கொள்வதில் தவறில்லை. பின்னாளில் இந்நூலை எப்படி வாசிக்க வேண்டும் என்று தீர்மானித்ததும் அதுதான். முன்னுரையின் வாதம் சுதேசியத்திலிருந்து தொடங்குகிறது. பாட்டியின் பையைக் காட்டிலும் பெரிய சுதேசிப் பொருள் இந்நாட்டில் உண்டா என்று கேட்கும் தாகூர், அண்மைக்காலமாக அந்தப் பையும் மான்செஸ்டர் ஆலையிலிருந்தல்லவா வந்துகொண்டிருந்தது என்று வருந்துகிறார். ஆங்கிலத் தேவதைக் கதைகள்தான் வங்கக் குழந்தைகளுக்குப் புகலிடமாகிவிட்டன. நாட்டுப் பாட்டிமாரின் கம்பெனி திவாலாகிவிட்டது என்பது அவருடைய மனக்குறை. 1905 அக்டோபர் 16 அன்று வங்கம் பிரிக்கப்பட்டு இரண்டு ஆண்டுகள் ஆகவில்லை. அந்நியத் துணி தெருவில் எரிந்துகொண்டிருந்தது. கதையும் ஒரு சரக்கு, அதற்கும் உள்நாட்டு உற்பத்தி வேண்டும் என்ற உருவகம் அன்றைய வாசகருக்கு விளக்கமின்றியே புரிந்திருக்கும்.

முன்னுரையின் நடுப்பகுதியில் வரும் ஒரு செய்தி பலர் கண்ணிலும் படாமல் போய்விடுகிறது. கதை சொல்வதில் வல்ல, படித்த பெண்கள் சிலரைக் கொண்டு இத்தகைய கதைகளை எழுதுவிக்கத் தாகூர் முன்னரே முயன்றிருக்கிறார். அம்முயற்சி அவருக்கு நிறைவளிக்கவில்லை. எழுதிய கை பெண்ணின் கைதான். ஆனால் விலாயத்துப் பேனாவின் மாயத்தால் ‘கதா’ எஞ்சி ‘ரூபம்’ மறைந்துவிட்டது. என்றைக்கும் உரிய பொருள் இன்றைக்குரியதாகிவிட்டது என்பது அவர் கூறும் காரணம். அதன்பின், அச்செழுத்திலும் பாட்டியின் வாய்மொழியைப் பசுமை மாறாமல் காத்துத் தந்தவர் என்று தட்சிணாரஞ்சனைப் பாராட்டுகிறார்.

அப்படியானால் படித்த பெண் எழுதினால் அது பாட்டியின் குரலாகாது. படித்த ஆண் எழுதினால் ஆகும். பிறகு அந்த ஆணின் நூலைக் கொண்டு பாட்டிமாருக்கே பயிற்சி தர வேண்டும். தாகூர் இதைத் தீய எண்ணத்தோடு எழுதவில்லை. 1890களில் தாலாட்டுகளையும் குழந்தைப் பாடல்களையும் தேடித் தொகுத்து, அவற்றை இலக்கியமாகக் கருதிக் கட்டுரை எழுதிய முன்னோடி அவர். வங்கத் தேசியத்தின் நல்லெண்ணத்துக்குள்ளேயே இத்தகைய பார்வை இயல்பாக இடம்பெற்றிருந்தது என்பதுதான் கவனத்துக்குரியது. அந்தப் படித்த பெண்களின் எழுத்தை வாசித்துப் பார்க்கும் வாய்ப்பு இன்றைய வாசகருக்கு இல்லை. தாகூரின் தீர்ப்பு மட்டுமே கைக்குக் கிடைக்கிறது.

தீர்ப்பைச் சோதிக்க நூலின் மொழியையே பார்க்கலாம். 1907இன் வங்க உரைநடை இரு வழக்குகளாகப் பிரிந்திருந்தது. நீண்ட வினைமுற்றுகளைக் கொண்ட எழுத்து வழக்கு சாது பாஷை. பேச்சை ஒட்டியது சலித் பாஷை. ‘தாகுர்மார் ஜுலி’யில் கதையை நகர்த்தும் வினைகள் பெரும்பாலும் சாது பாஷையில் அமைந்தவை. எந்தப் பாட்டியும் பேரக்குழந்தையைத் தூங்கவைக்கும்போது அப்படிப் பேசியிருக்க மாட்டாள். தமிழ் வாசகருக்கு இதை விளக்க வேண்டிய தேவையில்லை. ‘சென்றனன், கண்டனன்’ என்று கதை சொல்லும் பாட்டியைக் கற்பனை செய்தாலே போதும். ஆயினும் அந்த வினைகளுக்கிடையே தட்சிணாரஞ்சன் வேறு பல வேலைகளைச் செய்திருக்கிறார். மிகச் சிறிய வாக்கியங்கள், இரட்டைக்கிளவிகள், ஒலிக்குறிப்புகள், இடையிடையே எதுகையோடு வரும் பாட்டடிகள், மூச்சு வாங்கும் இடத்தில் கோடு, குரல் இழுபடும் இடத்தில் புள்ளிகள். பாட்டி நிறுத்துமிடத்தில் அச்சும் நிற்கிறது. கேட்ட குரலைப் பார்க்கும்படி செய்த இந்த அச்சுக்கலை இந்நூலின் அசலான சாதனை. அது பதிவு அன்று, ஆக்கம். ஃபோனோகிராஃப் பற்றிய செய்தி இந்த ஆக்கத்தை மறைக்கும் திரையாகப் பயன்பட்டுவந்திருக்கிறது. கருவி பொய் சொல்லாது, ஆகவே நூலும் சொல்லாது என்பது அதில் பொதிந்துள்ள எண்ணம்.

மொழியில் கவனிக்க வேண்டியது மற்றொன்றும் உண்டு. கதைகள் திரட்டப்பட்டது மைமன்சிங் பகுதியில். அங்கே வழங்கும் கிழக்கு வங்கப் பேச்சு கல்கத்தாப் பேச்சிலிருந்து ஒலியிலும் வினைவடிவிலும் வெகுவாக வேறுபட்டது. நூலில் அப்பேச்சு இல்லை. தலைப்பிலுள்ள பாட்டி மைமன்சிங்கைச் சேர்ந்தவளும் அல்லள், டாக்காவைச் சேர்ந்தவளும் அல்லள். வங்கம் முழுமைக்கும் பொதுவான, ஊர்ப்பெயரற்ற பாட்டி அவள். பிரிவினைக் கோட்டின்படி மைமன்சிங், டாக்காவைத் தலைநகராகக் கொண்ட ‘கிழக்கு வங்கமும் அஸ்ஸாமும்’ என்ற புதிய மாகாணத்துக்குள் இருந்தது. நூல் அச்சானதோ மேற்கே, கல்கத்தாவில். கோட்டுக்கு அப்புறத்திலிருந்து வந்த கதைகள் பொதுமொழியில் அச்சாகி, ‘நம் பாட்டி’ என்ற உணர்வை இருபுறத்துக்கும் அளித்தன. 1911இல் பிரிவினை ரத்தானது. ஒன்றுபட்ட வங்கம் என்ற உணர்வு வளர்ந்ததில் மேடைப்பேச்சுக்கும் பாடலுக்கும் உள்ள பங்கைப் பேசும் வரலாற்று நூல்கள் பாட்டிக்கதைக்கு அவ்வளவு இடம் தருவதில்லை.

ஆனால் அதே 1907இல், அதே மைமன்சிங் மாவட்டத்தின் ஜமால்பூரில் இந்து–முஸ்லிம் கலவரம் வெடித்தது. சுதேசிப் புறக்கணிப்பை ஏழை முஸ்லிம் குடியானவர்கள் மீதும் சிறுவணிகர்கள் மீதும் இந்து ஜமீன்தார் தரப்பினர் வற்புறுத்தித் திணித்தது அதற்கான காரணங்களுள் ஒன்று. அவ்வாண்டில் தாகூர் எழுதிய ‘வியாதியும் பரிகாரமும்’ என்ற கட்டுரை இதை நேருக்கு நேர் பேசுகிறது. வீட்டுக்கு முஸ்லிம் ஒருவர் வந்தால் விரிப்பின் ஒரு பகுதியைச் சுருட்டி எடுக்கும் வழக்கத்தைச் சுட்டி, பகைக்கு ஆங்கிலேயரை மட்டும் குற்றம் சொல்வது போதாது என்கிறது. ஒரே ஆண்டில், ஒரே பேனாவிலிருந்து, சுதேசியத்தின் மீதான கடும் ஐயமும் பாட்டியின் பைதான் மிகப் பெரிய சுதேசிப் பொருள் என்ற பூரிப்பும் பிறந்தன. முரண்போலத் தோன்றினாலும் இரண்டுக்கும் ஊற்று ஒன்றே. துணியை எரிக்கும் சுதேசியத்தில் நம்பிக்கை தளர்ந்த ஒருவர், யாரையும் வற்புறுத்தத் தேவையில்லாத சுதேசியம் ஒன்றைத் தேடினார். அது குழந்தையின் படுக்கையில் கிடைத்தது. இத்தகைய கதைகளைக் கேட்கும் குழந்தையின் மனத்துக்குள் வங்கத்தின் அன்பின் இசை நுழைந்து, நாட்டின் சாற்றில் அதை ஊறவைக்கிறது என்ற பொருளில் முன்னுரை பேசுவதை இந்தப் பின்னணியில்தான் வாசிக்க வேண்டும்.

நூலுக்கு முன்னோடி இல்லாமல் இல்லை. கிறித்தவராக மாறிய லால் பிஹாரி தே 1883இல் ‘வங்க நாட்டுப்புறக் கதைகள்’ என்ற ஆங்கிலத் தொகுப்பை வெளியிட்டார். அதைத் தொகுக்கும்படி தூண்டியவர் ஆங்கில அதிகாரி ரிச்சர்டு கார்னாக் டெம்பிள்; வெளியிட்டவர் லண்டன் மாக்மில்லன். நம் பக்கத்தில் நடேச சாஸ்திரியும் அதே பத்தாண்டில் தென்னிந்தியக் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்து வெளியிடத் தொடங்கியிருந்தார். அக்காலத் தொகுப்பாளர்கள் முதலில் நினைத்த வாசகர் ஆங்கிலம் படித்தவரே. ஆனால் தே ஒரு நல்ல காரியம் செய்தார். எந்தக் கதைகளை ஒரு கிறித்தவப் பெண்ணிடமிருந்தும், எவற்றை முதிய பிராமணரிடமிருந்தும், எவற்றை வயதான நாவிதரிடமிருந்தும், எவற்றை வேலைக்காரரிடமிருந்தும் பெற்றார் என்று முன்னுரையில் குறித்தார். பெயர்கள் இல்லை, மனிதர்கள் இருக்கிறார்கள். கதை சொல்லுதல் மூதாட்டிகளுக்கு மட்டும் உரிய தொழிலன்று என்பதும் அப்பட்டியலிலிருந்து தெரிகிறது. ‘தாகுர்மார் ஜுலி’யில் இவர்கள் அனைவரும் கரைந்து ஒரே பாட்டியாகிவிடுகிறார்கள். ஜெர்மனியில் கிரிம் சகோதரர்களும் இதைப் போன்றே செய்தனர். அவர்களுடைய தொகுப்பின் 1819ஆம் ஆண்டுப் பதிப்பில் டோரொத்தேயா ஃபீமானின் உருவப்படம் நாட்டுப்புறக் கிழவியின் இலக்கணமாக வைக்கப்பட்டது. அவரோ பிரெஞ்சு ஹியூகனாட் வழிவந்தவர், தையற்காரரின் மனைவி. ஆயினும் அங்கே பெயரும் முகமுமாவது எஞ்சின. வங்கத்தில் அதுவும் இல்லை.

அறிஞர்களின் கருத்து அடுத்த கட்டத்தில் வருகிறது. 1920இல் கல்கத்தா பல்கலைக்கழகம் வெளியிட்ட தினேஷ் சந்திர சென்னின் ‘வங்க நாட்டுப்புற இலக்கியம்’ என்ற ஆங்கிலச் சொற்பொழிவு நூல் தட்சிணாரஞ்சனின் தொகுப்புகளுக்கு விரிவான இடம் அளித்தது. அதற்குள் அவருடைய பிற தொகுப்புகளும் வெளிவந்திருந்தன. மாயக்கதை, பாட்டுக்கதை, நோன்புக்கதை, நகைச்சுவைக்கதை என்ற நால்வகைப் பாகுபாட்டில் முதல்வகைக்கு ‘தாகுர்மார் ஜுலி’, இரண்டாம் வகைக்கு ‘தாகுர்தாதார் ஜுலி’. சென்னின் மனத்தைக் கொள்ளைகொண்டது இரண்டாவது நூலில் வரும் மாலஞ்சமாலாவின் கதை. 12 நாள் குழந்தையான இளவரசனுக்கு மணமுடிக்கப்பட்ட 12 வயதுச் சிறுமி அவனைத் தூக்கி வளர்த்துக் காப்பாற்றும் கதை அது. பெண்மையின் தியாகத்துக்கு இதைவிட உயர்ந்த சித்திரம் இல்லை என்ற அளவுக்கு அவர் அதை ஏற்றிப் பேசினார். இன்றைய வாசகர் அக்கதையில் காண்பது வேறு. குழந்தையின் ஆயுளை நீட்டிக்க ஒரு காவல்காரனின் மகளைப் பலியிடத் துணிந்த அரசனையும் அதற்குத் தலையாட்டிய அரசவையையும் காண்பார். கதை ஒன்றே, சென்னின் தலைமுறை பத்தினியைக் கண்டது, இக்காலத் தலைமுறை சிறுமியைக் காண்கிறது. இரண்டு வாசிப்புக்கும் கதையில் இடம் இருக்கிறது. சிறுமியின் துன்பத்தைக் கதை ஒளிக்கவேயில்லை.

பெண்கள் குறித்த விமரிசனம் ‘தாகுர்மார் ஜுலி’ மீதும் உண்டு. நல்ல இளையராணி, பொறாமை கொண்ட மூத்த ராணிகள், அரக்கியாகிய ராணி என்று பெண்களைப் பெண்களுக்கே எதிரியாக்குகிறது என்பது அதன் சாரம். ஏழு செண்பகச் சகோதரர்களின் கதையில் மூத்த ராணிகள் பிறந்த குழந்தைகளைப் புதைத்துவிட்டுத் தவளைக்குஞ்சையும் எலிக்குஞ்சையும் அரசனிடம் காட்டுகிறார்கள். இளையராணி வரட்டி தட்டி வயிறு வளர்க்கும் நிலைக்குத் தள்ளப்படுகிறாள். முடிவில் மூத்தவர்கள் மேலும் கீழும் முள்வைத்துப் புதைக்கப்படுகிறார்கள். குழந்தைகளுக்கு இவ்வளவு கொடுமை வேண்டுமா என்ற கேள்வியும் கூடவே எழுகிறது. விமரிசனம் நியாயமானது, அரைகுறையானதும்கூட. பல மனைவியரைக் கொண்ட வீடு வங்கத்தில் கற்பனையன்று. குலீனப் பிராமணரின் பலதார மணத்தை எதிர்த்து ஈசுவர் சந்திர வித்யாசாகர் 1871இலும் 1873இலும் நூல்கள் எழுதினார். சட்டம் வரவில்லை. அத்தகைய வீடுகளில் வாழ்ந்த பெண்கள், அத்தகைய வீடுகளில் வளரும் சிறுமியருக்குச் சொன்ன கதைகள் இவை. அரசனின் பட்டத்து அன்பு ஒரே இரவில் திரும்பிவிடும், ராணி சாணம் பொறுக்கப் போய்விடலாம் என்ற அச்சம் மாயம் அன்று. கதையில் தண்டனை பெறாதவன் அரசன் ஒருவன்தான். ஆராயாமல் மனைவியைத் துரத்திய அவன் கடைசியில் எல்லாக் குழந்தைகளோடும் சுகமாக வாழ்கிறான். அரசனைத் தண்டிக்கக் கதைசொல்லிக்கு வழி இருக்கவில்லை. ஆனால் பூப்பறிக்க வந்த அரசனுக்குச் செண்பகம் இணங்காமல் மேலே மேலே உயர்ந்துகொண்டே போக, சாணம் பொறுக்கும் பெண்ணை அழைத்து வந்தால்தான் இறங்குவோம் என்று குழந்தைகள் சொல்லும் இடத்தில் அவன் படும் சிறுமையை எந்த வாசகரும் தவறவிட மாட்டார்.

1991இல் வெளிவந்த சிபாஜி பந்தோபாத்யாயின் ‘கோபால்–ராகால் துவந்துவ சமாசம்’ காலனியத்தையும் வங்கச் சிறார் இலக்கியத்தையும் ஒருசேர வைத்து ஆராய்ந்தது. அதன்பின் இத்தகைய நூல்களைக் கள்ளங்கபடமற்ற குழந்தைச் செல்வமாக மட்டும் வாசிப்பது கடினமாயிற்று. பாட்டி என்ற உருவம் தேசியத்தின் ஆக்கம் என்பது இன்று ஆய்வுலகில் ஏறத்தாழப் பொதுக்கருத்து. அது சரியே. ஆனால் அக்கருத்தை ஒப்பிப்பதோடு வேலை முடிந்துவிடுவதாகக் கருதும் போக்கும் வளர்ந்திருக்கிறது. நூலை அச்சேற்றியவர்கள் என்ன எண்ணினர் என்பது ஒன்று. அதை வாங்கியவர்களும் கேட்டவர்களும் என்ன செய்தனர் என்பது மற்றொன்று.

இரண்டாவதற்குச் சான்றுகள் முன்னுரைகளில் கிடைப்பதில்லை. கதைகளின் பிற்கால வாழ்வில் கிடைக்கின்றன. 1947இல் வங்கம் இரண்டாவது முறை பிரிந்தபோது, இந்துப் பாட்டியின் பெயரால் கல்கத்தாவில் அச்சான இந்நூலின் கதைகள் முஸ்லிம் பெரும்பான்மைக் கிழக்கில் மறைந்துபோகவில்லை. 1968இல் கிழக்குப் பாகிஸ்தானில் ‘சாத் பாய் சம்பா’வும் ‘அருண் வருண் கிரண்மாலா’வும் திரைப்படங்களாயின. உருதுவைத் தேசிய மொழியாகத் திணிக்க முயன்ற அரசின் கீழ், வங்கக் கதைகளை வங்க மொழியில் பார்க்க மக்கள் திரண்டனர். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1965இல், பெரும் வெற்றி கண்ட ‘ரூப்பான்’ படமும் நாட்டுப்புற நாடக மேடையிலிருந்து வந்ததே. 12 நாள் இளவரசன் ரஹீமை மணந்து, காட்டில் அவனை வளர்க்கும் 12 வயதுப் பெண்ணின் கதை அது. தினேஷ் சந்திர சென் பத்தினியாகப் போற்றிய மாலஞ்சமாலாவும் இந்த ரூப்பானும் உடன்பிறந்தவர்கள். எந்தக் குடிசையில் எந்தப் பாட்டி எந்தப் பெயரை வைத்துச் சொன்னாள் என்பதைப் பொறுத்துக் கதையின் மதம் மாறியது. மைமன்சிங்கில் தட்சிணாரஞ்சன் கேட்ட குரல்களுக்கு அக்கம்பக்கத்தில் வேறு குரல்களும் இருந்தன என்பதற்கு இது ஒரு தடயம்.

லால்கமல்–நீல்கமல் கதையும் இவ்விடத்தில் எண்ணத்தக்கது. ஓர் அரசனுக்கு இரு மகன்கள். ஒருவன் மனிதத் தாய்க்கும் மற்றவன் அரக்கித் தாய்க்கும் பிறந்தவர்கள். அரக்கி இருவரையுமே விழுங்கிவிடுகிறாள். மீண்டும் பிறக்கும் சகோதரர்கள் இரவுக் காவலில் அமர்கிறார்கள். கதவுக்கு வெளியிலிருந்து யார் விழித்திருக்கிறார் என்று அரக்கர் கேட்கும்போது நீல்கமலின் பெயரை முதலில் சொல்ல வேண்டும்; மறந்து லால்கமல் தன் பெயரை முதலில் சொல்லும் கணத்தில் ஆபத்து உள்ளே புகுகிறது. 1907இன் பெரியோர் எவரும் இக்கதையைத் தங்கள் காலத்தின் கலவரத்தோடு பொருத்தி வாசிக்கவில்லை. அவர்கள் தேடியது தாய்நாட்டின் குரலை. இரத்தத்தால் பகைவராக வேண்டிய இருவர் ஒரே அறையில் விழித்திருக்கும் காட்சி அப்பையின் உள்ளேயே கிடந்தது.

அண்மைக்கால வாசகருள் ஒருவர் தம் கருத்தை நாவலாகவே எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் வளர்ந்த சயந்தனி தாஸ்குப்தா 2018இல் வெளியிட்ட ‘தி சர்ப்பென்ட்ஸ் சீக்ரெட்’டின் நாயகி கிரண்மாலா நியூ ஜெர்சியின் பள்ளிச் சிறுமி. அவளுடைய வீட்டுக்குள் அரக்கன் புகுந்துவிடுகிறான். இருபதாண்டுகளுக்கு முன் தாயார் ஷமிதா தாஸ் தாஸ்குப்தாவுடன் சேர்ந்து வங்க நாட்டுக்கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்தவர் அவர். கதைகள் தம் பாட்டியின் வாய்வழி வந்தவை என்றும் சொல்லிவருபவர். தாகூரின் அளவுகோலின்படி இந்நாவல் தேறாது. படித்த பெண்ணின் கை, விலாயத்துப் பேனா, என்றைக்கும் உரிய பொருள் இன்றைக்குரியதாகிவிட்டது. தாகூர் நிராகரித்த அந்தப் பெண்களின் எழுத்து ஏறத்தாழ இப்படித்தான் இருந்திருக்கக்கூடும்.

வங்கப் புத்தகக் கடைகளில் ‘தாகுர்மார் ஜுலி’ இன்றும் பல பதிப்பகங்களின் பெயரில் கிடைக்கிறது. தட்சிணாரஞ்சன் வரைந்த சித்திரங்களைச் சில பதிப்புகள் நீக்கிவிட்டு வண்ணப்படங்களைச் சேர்த்திருக்கின்றன. பாட்டிமார் பள்ளியைப் பற்றிப் பேசும் முன்னுரை மட்டும் முதல் பக்கங்களில் தொடர்ந்து அச்சாகிவருகிறது.